ஆள் வருது, விருந்து வருது

நெட்டிக்குளத்தின் கரையில் சுட்டி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணோரம் சிவப்புச் சதை. நாலடி ஓடுவாள், நிற்பாள், உற்றுப் பார்ப்பாள். மறுபடியும் நாலடி ஓடுவாள். கூட்டத்தில் வாய் திறந்து பேச அவளுக்குக் கூச்சம். ஆனால் அவள் கண்ணில் படாமல் அந்தக் குளத்துக்கு ஒரு வண்டுகூட வந்ததில்லை.

புதிதாக யாராவது கரையேறினால் போதும், அந்தக் கூச்சமெல்லாம் பறந்துவிடும்.

"ஆள் வருது! ஆள்! ஆள்! ஆள் வருது!"

காடே அதிரும். காட்டுப்பன்றி கோரையன் சேற்றிலிருந்து எழுந்து வருவான். தவிட்டுக்குருவிகள் ஏழும் கலகலவென்று வந்து இறங்கும். முயல், கீரி, அணில் என்று எல்லோரும் வந்தவரைச் சுற்றி வளைத்துக்கொள்வார்கள். மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்து பார்ப்பார்கள்.

"யாரு நீ? எந்தக் காடு? எத்தனை நாள் இருப்பே? உங்கம்மா யாரு?"

நெட்டிக்குளத்தில் இதற்குப் பெயர் உபசாரம்!

போன மாரிக்காலத்தில் செம்பன் என்ற நாய் வந்தபோதும் இதே உபசாரம்தான் நடந்தது. செம்பன் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவன். இடது காதில் பாதி இல்லை. அன்று அவன் நடுவில் சிக்கி நின்று, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, தொண்டை கிழியக் குரைத்தான். அன்று தொடங்கிய குரைப்பு நிற்கவே இல்லை. கரையில் புது முகம் தெரிந்தாலே போதும். முடி சிலிர்க்கும், பல் தெரியும், "வவ் வவ் வவ்!"

குளத்துக்காரர்களிடம் அவன் பசு மாதிரி. சுட்டி தன் முட்டைகளைக் கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே, வெட்டவெளியில் இட்டிருந்தாள். நான்கு முட்டைகள். பக்கத்தில் ஓர் ஒற்றைப் பனையடியில்தான் செம்பன் படுத்திருப்பான். அதனால் கோணவாலன் என்ற நரி அந்தப் பக்கமே வருவதில்லை. மீன்கொத்தி நீலியின் பொந்தும் அதே கரைச்சரிவில்தான் இருந்தது. அவளுக்கும் நிம்மதி.

கோடை வந்தது. மற்ற குளங்கள் வற்றின. தாகத்தோடு தூரத்துக் காடுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்களைச் செம்பன் தண்ணீரில் வாய் வைக்க விடவில்லை. மிரண்டு ஓடிய ஒரு காட்டாடு கல்லில் இடறிக் காலை ஒடித்துக்கொண்டது.

கோணவாலன் காத்திருந்தது இதற்குத்தான். கோரையனிடம் போனான்.

"மாமா, நம்ம குளத்துப் பேர் கெட்டுப்போச்சு. குளத்தில் தண்ணி இருந்தும் வர்றவங்க நாவறண்டு போறாங்க. அந்த நாயை விரட்டிடுங்க!"

"விரட்டுறது என்ன, நானே திருத்துறேன்!" என்றான் கோரையன். "பயம்னா பயத்துக்குள்ளேயே தூக்கிப் போடணும். குளிர்ந்த தண்ணியில தொபுக்கடீர்னு குதிச்சா குளிர் விட்டுப்போகுதில்ல? அது மாதிரி!"

மறுநாள் பத்து வெளியூர் விலங்குகளைக் கூட்டி வந்து செம்பனைச் சுற்றி நிறுத்தினான். போக வழியில்லாமல் முதுகுக்குப் பின்னால் தானே மலைபோல் நின்றுகொண்டான்.

"பாருடா! யாராவது உன்னைத் தின்னுட்டாங்களா? நல்லாப் பாரு!"

செம்பன் பார்த்தான். நடுங்கினான். எச்சில் ஒழுகியது. பிறகு திரும்பி, வாய்க்குக் கிடைத்ததைக் கடித்தான். கிடைத்தது கோரையனின் மூக்கு!

"ஐயோ! ஐயய்யோ! என் மூக்கு!"

தவிட்டுக்குருவிகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோரையனுக்கோ கோபத்தை அடக்க முடியவில்லை. வீங்கிய மூக்கோடு சபையைக் கூட்டினான்.

"மேற்கு மலையிலிருந்து புள்ளிமான் கூட்டம் வருதுன்னு காக்கை சொல்லிட்டுப் போயிருக்கு. பௌர்ணமியன்னிக்கு விடியும்போது இங்கே இருப்பாங்க. வழியில வேற தண்ணியே கிடையாது. குட்டிகளோட வர்றாங்க. அன்னிக்கு இவன் குரைச்சு அவங்க ஓடினாங்கன்னா அத்தனையும் சாகும். இன்னும் பன்னிரண்டு நாள். அதுக்குள்ள வாயை மூடணும். இல்லைன்னா அன்னிக்கே இவன் குளத்தை விட்டுப் போகணும்!"

செம்பன் முன்னங்கால்களில் முகத்தைப் புதைத்தான். அவனுக்குப் போக வேறு இடம் கிடையாது.

சுட்டி தன் முட்டைகளைப் பார்த்தாள். குஞ்சு பொரிக்கவும் ஏறக்குறைய அதே பன்னிரண்டு நாள்தான். பிறகு கோணவாலனைப் பார்த்தாள். அவன் நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை சுட்டி ஒரு மண்புழுவை இழுத்து அலகில் வைத்திருந்தாள். பெரிய புழு. அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் எறும்பு தின்னும் ஓர் அழுங்கு வந்தது. உடம்பெல்லாம் செதில், தரையைப் பார்த்தே நடக்கும் நடை. கத்தினால் புழு போய்விடும். சுட்டி கத்தவில்லை.

ஒற்றைப் பனையடியில் படுத்திருந்த செம்பன் தலையைத் தூக்கினான். காதை நிமிர்த்தினான். அழுங்கைப் பார்த்தான். குரைக்கவில்லை! அழுங்கு நீர் குடித்துவிட்டுப் போயிற்று. செம்பன் மறுபடி தலையைக் கீழே போட்டான்.

சுட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புழுவை விழுங்கினாள். நாலடி ஓடினாள், நின்றாள், யோசித்தாள். மெதுவாக ஒரு சோதனை செய்து பார்த்தாள். கரையில் யாருமே இல்லை.

"ஆள் வருது!" என்றாள்.

செம்பனின் வால் சடக்கென்று உள்ளே போனது. யாரையும் பார்க்கும் முன்பே குரைக்கத் தொடங்கிவிட்டான்.

சுட்டி கூனிக் குறுகிப் போனாள். பக்கத்தில் போய், முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்றாள்.

"செம்பா... நான் கத்தினா உனக்கு என்ன ஆகுது?"

செம்பன் பாதிக் காதைப் பின்னங்காலால் சொறிந்தான்.

"எங்க தெருவில் சின்னப் பிள்ளைங்க நல்லவங்க," என்றான். "நாய் பிடிக்கிற வண்டி வந்தா எங்களுக்காகக் கத்துவாங்க. 'ஆள் வருது, ஓடு ஓடு'ன்னு. அடுத்த நிமிஷம் வலை வரும். எங்கம்மா ஓடலை. நான் ஓடினேன். காதுல பாதி வலையோட போச்சு."

"ஐயோ! நான் நாள் முழுக்க அதையே கத்திட்டிருந்திருக்கேனே!"

"நீ நல்லதுக்குத்தானே கத்தினே," என்றான் செம்பன். "அவங்களும் நல்லதுக்குத்தான் கத்தினாங்க." பின்னால் முள்புதரில் ஏதோ சலசலத்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அன்று சுட்டிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புதியவரைச் சொல்ல 'ஆள்' என்ற சொல் இல்லாமல் வேறு என்ன சொல் இருக்கிறது? விடியும்போது அகப்பட்டது. புதிதாக வருகிறவருக்குப் பெரியவர்கள் வைத்த பெயர் விருந்து. வந்தவருக்குப் போடும் சாப்பாட்டுக்கும் அதே பெயர்!

நேராக நீலியிடம் போனாள்.

"நீலி, தினம் கொஞ்சம் கெண்டை மீன் வேணும். செம்பனுக்கு."

"என்னடி இது! நான் தலைகீழா விழுந்து பிடிக்கிற மீனை நாய்க்குப் போடணுமா? நல்லாருக்கே நியாயம்!"

"செம்பன் போயிட்டா அடுத்த நாளே கோணவாலன் வருவான். என் முட்டை வெளியில கிடக்கு. அது அவனுக்கு ஒரே வாய். அப்புறம் கரையைத் தோண்டுவான். உன் பொந்து எத்தனை முழம் ஆழம்?"

நீலி தன் பொந்தை எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை மீன் வேணும்?"

அடுத்து அழுங்கு. அது நேற்றுத்தான் தூரத்துக் காட்டிலிருந்து வந்து பக்கத்தில் தங்கிய வழிப்போக்கன்.

"அண்ணே, நீங்க நேத்து வந்த மாதிரியே தினம் மாலையில வாங்க. அவனைப் பார்க்க வேண்டாம். பேச வேண்டாம். கிட்டே போகவே வேண்டாம். குடிச்சிட்டுப் போயிடுங்க, போதும்."

"இது எனக்குக் கஷ்டமே இல்லையம்மா," என்றது அழுங்கு. "நான் யாரையும் பார்க்கிறதே இல்லை. பயந்தா நான் உருண்டைக்குள்ளே ஒளிஞ்சுக்குவேன், அவன் குரைப்புக்குள்ளே ஒளிஞ்சுக்கிறான். அவ்வளவுதானே!"

முதல் நாள். செம்பன் ஒற்றைப் பனையடியில் இருந்தான். அங்கிருந்து நீர் குடிக்கும் கரை அறுபது அடி. அழுங்கு வந்தது. சுட்டி கத்தவில்லை, மெல்லச் சொன்னாள்.

"விருந்து! விருந்து வருது!"

தொப்பென்று ஒரு கெண்டை செம்பனின் முன்னால் விழுந்தது. செம்பன் திடுக்கிட்டான், முகர்ந்தான், தின்றான். அழுங்கு குடித்துக்கொண்டிருக்கும் வரை மீன் விழுந்தது. அழுங்கு போனதும் மீனும் நின்றது.

மூன்றாம் நாளும் அதே பனை, அதே அழுங்கு, அதே மீன்.

நான்காம் நாள், "விருந்து!" என்ற சொல் கேட்டதும் செம்பன் கரையைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்து வாலாட்டினான்!

"சுட்டி, ஒரு சந்தேகம். விருந்துன்னா வர்றவரா, மீனா?"

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"அப்படியா? அப்ப அந்த அண்ணனை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லேன்!"

அதன் பிறகு தினமும் ஐந்தடி கரைப்பக்கம் நகர்ந்தார்கள். நகரலாமா வேண்டாமா என்பதைச் செம்பன்தான் முடிவு செய்வான். அவன் எழுந்து நடந்தால் சுட்டி நடப்பாள். அவன் உட்கார்ந்தால் அவளும் நிற்பாள். காது பின்னால் மடிந்தாலோ, பதற்றத்தில் கொட்டாவி வந்தாலோ அன்றைக்கு அது போதும்.

ஏழாம் நாள் கோணவாலன் புதரிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அடேயப்பா! ஒரு வாரத்தில் கால்வாசி வழிகூட வரலையே! மான் ஆமை வேகத்தில் வராது, பெண்ணே. இன்னும் அஞ்சு நாள்தான். நாலு நாலு அடியா நடந்தா அடுத்த பௌர்ணமிக்குத்தான் போய்ச் சேருவீங்க!"

சுட்டிக்குச் சுருக்கென்றது. அன்று அவசரப்பட்டாள்.

"செம்பா, இன்னிக்குக் கரைக்கே போயிடலாம் வா! உன்னால முடியும்!"

செம்பன் காதை மடித்தான். அவள் பார்த்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் முன்னால் ஓடினாள். அவளை நம்பி அவனும் போனான். அழுங்கு பத்தடியில் வந்து நின்றது. மீன் விழுந்தது. செம்பனின் கண்ணுக்கு மீன் தெரியவில்லை!

"வவ் வவ் வவ் வவ்!"

அழுங்கு உருண்டையாகச் சுருண்டது. சரிவில் உருண்டு, தண்ணீரில் விழுந்து, குமிழி விட்டுக்கொண்டு எழுந்தது. புதருக்குள் சிரிப்புச் சத்தம்.

செம்பன் பனையடிக்கு ஓடிவிட்டான்.

"என்னை விட்டுடு, சுட்டி. நான் போயிடறேன். எனக்கு இது வராது."

"தப்பு உன்னோடது இல்லை," என்றாள் சுட்டி. "உன் காது வேண்டாம்னு சொல்லிச்சு. நான் கேட்கலை. மத்தவங்க எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன்."

"இப்ப என்ன பண்றது?"

"பனையடியிலிருந்து மறுபடி தொடங்கலாம்."

"அஞ்சு நாள்தானே இருக்கு!"

"அதனாலதான் இன்னொரு தடவை அவசரப்பட முடியாது."

மறுநாள் பனையடியிலிருந்தே தொடங்கினார்கள். ஆனால் போன தடவை ஒரு வாரம் பிடித்த வழி, இந்தத் தடவை இரண்டே நாளில் முடிந்தது. வழி தெரிந்த கால் அல்லவா! வெளியூர் முயல் ஒன்று வந்தது, விருந்து. இரண்டு மயில்கள் வந்தன, விருந்து. நீலி பிடித்துப் பிடித்து அலகு வலிக்கிறது என்று முனகினாள். செம்பனுக்கு லேசாகத் தொந்தி போட்டது. பதினோராம் நாள் அவனாகவே கரை வரை நடந்து வந்து படுத்தான்.

பௌர்ணமிக்கு முதல் நாள் சபை கூடியது. சுட்டி நடுவில் வந்து நின்றாள். நாலடி பின்னால் ஓடி, மறுபடி வந்து நின்றாள். எல்லோர் கண்ணும் தன் மேல் இருக்கும்போது உடம்பு என்ன பாடு படும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. செம்பனுக்கும் அதுதானே நேர்ந்தது! அதனால் பேசினாள்.

"நாளைக்கு மான்கள் வரும்போது யாரும் ஓடி வந்து சூழக் கூடாது. மான்களையும் சூழக் கூடாது, செம்பனையும் சூழக் கூடாது. உத்துப் பார்க்கக் கூடாது. ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது."

"ஒரு கேள்விகூடவா?" என்று தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒரே குரலில் அலறின. "எந்தக் காடுன்னுகூடவா? அம்மா யாருன்னுகூடவா? எங்களுக்கு வயிறு வெடிச்சிடுமே!"

"தண்ணி குடிச்சப்புறம் கேட்டுக்குங்க."

கோரையன் தன் மூக்கைத் தடவிக்கொண்டான். வீக்கம் இன்னும் வடியவில்லை.

"சரி. நான் சேத்துலயே படுத்திருக்கேன்," என்றான்.

பௌர்ணமி நாள் விடிந்தது. சுட்டியின் ஒரு முட்டையில் கீறல் விழுந்திருந்தது. உள்ளே குஞ்சு தட்டிக்கொண்டிருந்தது. அவள் முட்டைகளை விட்டு எழ முடியாது. செம்பன் அவளிடமிருந்து சற்றுத் தள்ளிக் கரையில் படுத்திருந்தான்.

மேற்கே தூசி எழுந்தது. மான்கள்! பத்து, இருபது, முப்பது. விலா எலும்பு தெரிந்தது. குட்டிகளின் கால்கள் பின்னிக்கொண்டன. இத்தனை புது முகங்களைச் செம்பன் ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

"விருந்து," என்றாள் சுட்டி, இருந்த இடத்திலிருந்தே.

செம்பன் வானத்தைப் பார்த்தான். நீலி மீனைப் போட்டாள். அவன் அதைத் தின்றான். மான்கள் ஓரடி வைத்தன. செம்பன் படுத்தே இருந்தான். மான்கள் இன்னோரடி வைத்தன.

அப்போது முள்புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஆள் வருது! ஆள்! ஆள்! ஆள் வருது!"

அச்சு அசல் சுட்டியின் பழைய குரல்! ஆனால் சுட்டி வாயே திறக்கவில்லை.

செம்பன் துள்ளி எழுந்தான். வால் உள்ளே போனது. முடி சிலிர்த்தது. பல் தெரிந்தது. மான்கள் கல்லாக நின்றன. இன்னும் ஒரே ஒரு குரைப்பு வந்தால் முப்பது மான்களும் திரும்பி வறண்ட காட்டுக்குள் ஓடிவிடும்.

"ஆள் வருது! ஓடு! ஓடு!"

சுட்டிக்குக் கத்தத் தோன்றியது. ஆனாலும் கத்தவில்லை. தினமும் சொல்வது போலவே சொன்னாள்.

"விருந்து, செம்பா. விருந்து வருது."

செம்பனின் காது ஒன்று, பாதிக் காது ஒன்று, இரண்டும் அசைந்தன. முள்புதரைப் பார்த்தான். சுட்டியைப் பார்த்தான். சுட்டி இதோ இங்கே இருக்கிறாள். அப்படியென்றால் அங்கிருந்து கத்துவது யார்? அவன் மூக்கைத் தூக்கி முகர்ந்தான். முள்புதரிலிருந்து நரி நாற்றம் அடித்தது!

செம்பன் மான்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். ஒரே ஒரு முறை குரைத்தான். அது நடுங்கிய குரைப்பு அல்ல, கணீரென்ற குரைப்பு. அடுத்த கணம் முள்புதருக்குள் பாய்ந்தான்.

"ஐயோ மருமகனே! விளையாட்டுக்குடா! சும்மா விளையாட்டுக்கு!"

கோணவாலன் வாலில் பாதி முடியை முள்ளில் விட்டுவிட்டு ஓடினான். மலை தாண்டும் வரை நிற்கவே இல்லை. அதன் பிறகு நெட்டிக்குளத்தில் அவனை யாரும் பார்க்கவில்லை.

மான்கள் ஓடவில்லை. தங்களை விரட்டும் நாயின் முகம்தான் தெரியும், இந்த நாயின் முதுகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. தமக்கும் ஆபத்துக்கும் நடுவில் நிற்கிறவனின் முதுகு அது. முதலில் குட்டிகள் வாய் வைத்தன. பிறகு அத்தனை பேரும் மளக் மளக்கென்று குடித்தார்கள்.

செம்பன் திரும்பி வந்தான். தூரத்தில் படுத்துக்கொண்டான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே எழுந்தான். வளைந்து வளைந்து, பக்கவாட்டில் நடந்து வந்து, தலைவி மானின் பின்னங்காலை ஒரு முறை முகர்ந்தான். ஓடி வந்து உட்கார்ந்துகொண்டான். மறுபடி போய் இன்னொரு முறை முகர்ந்தான்.

"யாரப்பா நீ?" என்று மான் கேட்டது.

"கேள்வி கேட்கக் கூடாது!" என்று ஏழு தவிட்டுக்குருவிகளும் கிளையிலிருந்து கத்தின.

செம்பனுக்குச் சிரிப்பு வந்தது. வால் ஆடியது.

"பரவாயில்லை. நான் இந்தக் குளத்துக்காரன். நீங்க எங்க விருந்து," என்றான்.

சேற்றிலிருந்து கோரையன் தலையைத் தூக்கினான்.

"டேய் செம்பா, என் மூக்கைக் கடிச்சதை மறக்கல. ஆனா நீ எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இரு!"

அந்த நேரம் முட்டை பிளந்தது. செம்பன் அருகில் வந்து உட்கார்ந்து பார்த்தான். ஈரமான ஒரு குஞ்சு தலையை நீட்டியது. எதிரே ஒரு பெரிய சிவப்பு நாய், இரண்டு சிவந்த கண்கள், நீட்டிய நாக்கு. குஞ்சு பயத்தில் தலையை முட்டைக்குள் இழுத்துக்கொண்டது.

செம்பன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழுந்து பத்தடி தள்ளிப் போய், பக்கவாட்டில் திரும்பிப் படுத்தான்.

"அவசரமே இல்லை," என்றான். "அதுவா வெளியே வரட்டும். நீலி, ஒரு சின்னப் புழு கிடைக்குமா?"

பயந்தவரின் பயத்தை மிரட்டியோ இழுத்தோ ஓட்ட முடியாது. அவருக்கு வேண்டிய தூரத்தையும் நேரத்தையும் கொடுத்துக் கூடவே இருந்தால், அவராகவே எழுந்து வருவார்.